கணக்கும் கணினியும் கற்பிக்க யார் கற்பிப்பது?

பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வில் முதல் தாளுக்கு 50 வினாக்கள், பத்து அலகுகள், அலகு ஒன்றுக்கு ஐந்து வினாக்கள். அந்தப் பத்து அலகுகளுள் ஒன்றின் பெயர் 'கற்பித்தல் திறன்'. வணிகவியலிலோ மேலாண்மையிலோ கணினி அறிவியலிலோ முதுகலை முடித்த ஒருவர் நெட் வழியாக உதவிப் பேராசிரியர் தகுதியை அடையும்வரை, கற்பித்தலைப் பற்றி இந்நாட்டின் உயர்கல்வி அமைப்பு அவரிடம் கட்டாயமாகக் கேட்பவை இந்த ஐந்து வினாக்கள் மட்டுமே. நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்தால் போதும். ஐந்தையும் தவறவிட்டாலும் பிற அலகுகளில் ஈடுகட்டிக்கொள்ளலாம். பொறியியல் கல்லூரிகளிலோ இந்த ஐந்தும்கூடக் கேட்கப்படுவதில்லை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதிப்படி உரிய துறையில் இளநிலை, முதுநிலைப் பட்டங்களும் அவற்றுள் ஒன்றில் முதல் வகுப்பும் இருந்தால் ஒருவர் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம்.

இந்த நிலை நாடு முழுவதற்கும் பொது. ஆனால் இது மிகக் கூர்மையாகக் கேள்விக்குள்ளாக வேண்டிய இடம் பெங்களூரு. 1909இல் நிறுவப்பட்ட இந்திய அறிவியல் கழகமும் 1973இல் தொடங்கிய இந்திய மேலாண்மைக் கழகமும் இங்கே உள்ளன. நாட்டின் மென்பொருள் தொழில் இந்த நகரத்தின் பெயரால் அறியப்படுகிறது. வணிகவியலும் கணினியும் கற்பிக்கும் கல்லூரி இல்லாத பகுதியை இந்நகரில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். பி.யூ. கல்லூரிகளின் அறிவிப்புப் பலகைகளில் 'ஹெபா', 'செபா' என்னும் சொற்கள் பெரிய எழுத்தில் நிற்கின்றன. வரலாறு, பொருளியல், வணிகக் கல்வி, கணக்குப்பதிவியல் சேர்ந்தது ஹெபா. வரலாற்றின் இடத்தில் கணினி அறிவியல் வந்தால் செபா. நான்கெழுத்துச் சுருக்கத்தில் ஒரு பிள்ளையின் எதிர்காலம் அடைக்கப்படும் இந்நகரில், அந்த நான்கெழுத்தைக் கற்பிக்கப்போகிறவர் எங்கே, எதைப் படித்து ஆசிரியராகிறார் என்னும் கேள்வி மட்டும் கேட்கப்படுவதே இல்லை.

'பாடம் தெரிந்தவருக்குக் கற்பிக்கத் தெரியும்' என்னும் நம்பிக்கையே இந்த மௌனத்தின் அடித்தளம். அது எவ்வளவு பிழையானது என்பதை இரண்டு எளிய எடுத்துக்காட்டுகளால் காட்டிவிடலாம்.

முதலாவது, கணக்குப்பதிவியல். பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி முதல் வாரத்திலேயே 'உள்வருவதைப் பற்று வை, வெளிச்செல்வதை வரவு வை' என்னும் விதியை மனப்பாடம் செய்கிறாள். தமிழில் 'வரவு' என்றால் வருவது. வீட்டில் அம்மா எழுதும் வரவுசெலவு நோட்டில் வரவு என்பது கைக்கு வந்த பணம். ஆனால் பாடநூலில் வெளியே போவதற்கு 'வரவு' என்று பெயர். ஆங்கில வழியில் படித்தாலும் சிக்கல் தீர்வதில்லை. வங்கியிலிருந்து கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தி, கணக்கில் பணம் சேர்ந்தால் 'கிரெடிட்' என்கிறது. அவளோ அதே தொகையை ரொக்க ஏட்டின் வங்கிப் பத்தியில் 'டெபிட்' பக்கம் எழுத வேண்டும். ஏனெனில் குறுஞ்செய்தி வங்கியின் ஏட்டிலிருந்து பேசுகிறது; அவள் எழுதுவதோ தன் நிறுவனத்தின் ஏடு. வங்கிக்கு அந்தப் பணம் கடன். நிறுவனத்துக்கு அது சொத்து. யாருடைய இடத்தில் நின்று சொல்லப்படுகிறது என்பதில்தான் முழுச் சிக்கலும் இருக்கிறது. இதை விளக்காமல் விதியை மட்டும் ஒப்புவிக்கச் சொல்லும் ஆசிரியர், சில மாதங்கள் கழித்து வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் நடத்தும்போது பாதி வகுப்பு ஏன் திகைத்து நிற்கிறது என்று வியக்கிறார். அந்தத் திகைப்பு முதல் வாரத்தில் விதைக்கப்பட்டது. உரிமையாளரின் 'முதல்' ஏன் பொறுப்புகள் பக்கத்தில் நிற்கிறது, 'ஒதுக்கு' என்பதும் 'காப்பு' என்பதும் எங்கே பிரிகின்றன என்ற இடங்களிலும் இதே கதைதான்.

இரண்டாவது, நிரலாக்கம். தொடக்கநிலை மாணவர் நிரல் எழுதும்போது செய்யும் பிழைகள் தாறுமாறானவை அல்ல. அவற்றுக்கு ஒழுங்கு உண்டு என்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டனர். ஜெஃப்ரி போனாரும் எலியட் சோலோவேயும் 1985இல் எழுதிய கட்டுரை, மாணவர்கள் அன்றாட மொழியறிவை நிரல்மொழிக்குள் கொண்டுவருவதே பல பிழைகளின் ஊற்று என்றது. ஆங்கிலத்தின் 'வைல்' என்னும் சொல் ஒரு செயல் நடந்துகொண்டிருக்கும் காலம் முழுவதையும் குறிக்கிறது. ஆகவே 'வைல்' சுழலின் நிபந்தனை ஒவ்வொரு கணமும் கண்காணிக்கப்படுகிறது என்று மாணவர் எண்ணுகிறார். கணினியோ ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஒருமுறைதான் பார்க்கிறது. 1986இல் ராய் பீ இன்னும் ஆழமான ஒன்றைச் சுட்டினார். எதிரே இருப்பது மனிதரைப் போல் தன் உட்கருத்தைப் புரிந்துகொள்ளும் என்னும் எதிர்பார்ப்போடு மாணவர் கணினியிடம் பேசுகிறார். பல பிழைகளின் வேர் அந்த உரையாடல் பழக்கமே. கணிதத்தில் 'எக்ஸ் சமம் எக்ஸ் கூட்டல் 1' என்பது பொய்யான கூற்று. நிரலில் அது ஒரு கட்டளை. சமக்குறியின் பொருள் மாறிவிட்டதை யாராவது சொல்லியாக வேண்டும். பெரும்பாலான வகுப்புகளில் அது சொல்லப்படுவதில்லை. கரும்பலகையில் எழுதப்படுகிறது, நகலெடுக்கப்படுகிறது, ஆய்வக ஏட்டில் ஒட்டப்படுகிறது.

இவ்விரண்டு எடுத்துக்காட்டுகளிலும் உள்ள அறிவு கணக்காளரின் அறிவு அன்று. மென்பொருள் பொறியாளரின் அறிவும் அன்று. பட்டயக் கணக்காளர் ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் பற்றுவரவு எழுதலாம். பதினாறு வயதுப் பிள்ளை அதில் எங்கே வழுக்குவாள் என்பதை அவர் அறிந்திருக்கத் தேவையில்லை. ஆசிரியர் அறிந்தே ஆக வேண்டும். லீ ஷுல்மன் 1986இல் இந்த அறிவைத் தனியாகப் பிரித்து, அதற்குப் பாடம்சார் பயிற்றறிவு என்னும் பொருளில் ஒரு பெயரும் கொடுத்தார். 2006இல் புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் தொழில்நுட்ப அறிவையும் இதனோடு இணைத்து ஒரு சட்டகம் அமைத்தனர். இந்தப் பெயர்கள் கல்வியியல் மாணவர்க்கு மனப்பாடம். கணினித் துறையிலும் வணிகவியல் துறையிலும் ஆசிரியராகப்போகும் ஆய்வாளர்க்கோ அவை பெரும்பாலும் அறிமுகமே ஆவதில்லை. தெரிந்திருக்க வேண்டியவர் ஒரு கட்டடத்தில் இருக்கிறார். தெரிந்தவர் வேறொரு கட்டடத்தில் இருக்கிறார்.

'அதற்குத்தான் பி.எட். இருக்கிறதே' என்று சொல்லலாம். இருக்கிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள், நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையத்தின் 2012ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, பி.எட். படிப்பை இரண்டு ஆண்டுகளாக்கின. பள்ளியில் 20 வாரப் பயிற்சியைக் கட்டாயமாக்கின. அது நல்ல மாற்றம். ஆனால் அதே விதிமுறைகளின் சேர்க்கைத் தகுதியைப் படித்துப் பாருங்கள். அறிவியல், சமூக அறிவியல், மானிடவியல் புலங்களின் பட்டங்கள் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றன. பொறியியல் பட்டதாரிக்கும் இடம் உண்டு. ஆனால் அறிவியலிலும் கணிதத்திலும் சிறப்புப் பயிற்சி உடையவராக இருக்க வேண்டும். அதாவது பொறியாளர் வரலாம், பொறியியலை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும். வணிகவியல் என்னும் சொல் அவ்வரியில் இல்லவே இல்லை; 'இவற்றுக்கு இணையான பிற தகுதி' என்னும் தொடருக்குள் அது ஒண்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஓர் ஆவணம் எதைப் பெயர் சொல்லி அழைக்கிறது, எதைப் 'பிற' என்று ஒதுக்குகிறது என்பதில் அதன் மனம் வெளிப்பட்டுவிடுகிறது.

உள்ளே நுழைந்தபின் என்ன கிடைக்கிறது? 2014ஆம் ஆண்டுச் சட்டகத்தில் 'பாடத்திட்டம் முழுவதும் மொழி' என்னும் அரைத்தாள் உண்டு. 1975இல் இங்கிலாந்தில் வெளிவந்த புல்லக் குழு அறிக்கையால் பரவலான கருத்து அது: ஒவ்வொரு பாடத்துக்கும் தனக்கென ஒரு மொழி உண்டு, ஆகவே ஒவ்வோர் ஆசிரியரும் மொழியாசிரியரே. பற்றுவரவுச் சிக்கலையும் 'வைல்' சிக்கலையும் பேசுவதற்கென்றே அமைந்த தாள் எனலாம். ஆனால் கணக்குப்பதிவியலின் மொழி வேறு, நிரலாக்கத்தின் மொழி வேறு, வரலாற்றின் மொழி வேறு என்பதைக் காட்டும் பொருள் இல்லாவிட்டால் அத்தாள் வெறும் கொள்கை விளக்கமாகவே முடிந்துவிடும். இருமொழியம், பன்மொழியம் ஆகியவற்றின் வரையறைகளை எழுதித் தேர்ச்சி பெற்றுவிடலாம். ஒரு பேரேட்டுப் பக்கத்தைக்கூட மொழிக்கண்ணால் பார்க்காமலே போய்விடலாம். தகவல் தொழில்நுட்பத்துக்கான தாளும் அப்படித்தான். அது எல்லா ஆசிரியர்களுக்கும் கணினியைக் கருவியாகப் பயன்படுத்தக் கற்றுத்தருவதற்கானது. கணினியையே பாடமாகக் கற்பிக்கப்போகிறவருக்கு அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. சில்லுக்காட்சி செய்யத் தெரிவதும் நிரலாக்கம் கற்பிக்கத் தெரிவதும் ஒன்றல்ல.

இந்நாட்டில் இதைப் பற்றி எவரும் யோசித்ததே இல்லை என்பது உண்மையன்று. யோசித்ததைக் கைவிட்டோம் என்பதே உண்மை. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்வி ஆணையம் 1952–53இல் பல்நோக்குப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை முதலியவற்றைப் பள்ளியிலேயே கற்பிக்க வேண்டும் என்றால் அவற்றைக் கற்பிக்க ஆசிரியர் வேண்டும். அந்த ஆசிரியரை உருவாக்கவே 1963இல் மைசூரு, போபால், அஜ்மீர், புவனேசுவரம் ஆகிய நான்கு நகரங்களில் மண்டலக் கல்வியியல் கல்லூரிகள் அமைந்தன. அமெரிக்காவின் ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகம் கைகொடுத்தது. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டரில் இருக்கும் மைசூருக் கல்லூரி உருவானதே தொழில்நுட்பம், வணிகம் போன்ற பாடங்களின் ஆசிரியர் பற்றாக்குறையைத் தீர்க்கத்தான். பின்னர் பல்நோக்குப் பள்ளித் திட்டம் நலிந்தது. அதனோடு தொழில்நுட்ப ஆசிரியர் படிப்பும் மறைந்தது. கல்லூரி இன்றும் மண்டலக் கல்வி நிறுவனம் என்னும் பெயரோடு நிற்கிறது. அறிவியல், மொழி ஆசிரியர்களை உருவாக்குகிறது. எந்த நோக்கத்துக்காகக் கட்டப்பட்டதோ அது மட்டும் நினைவில் இல்லை. அந்தப் படிப்பு கைவிடப்பட்டபின் இதே மாநிலம்தான் தொழில்நுட்பத்தின் தலைநகரானது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெற்றிடம் வெற்றிடமாகவே இருப்பதில்லை. பெங்களூரில் அதை நிறுவனங்கள் நிரப்பின. இன்ஃபோசிஸ் 2004இல் கேம்பஸ் கனெக்ட் திட்டத்தைத் தொடங்கியது. விப்ரோ 2007இல் மிஷன் 10எக்ஸ் என்னும் பெயரில் பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்குக் கற்பித்தல் பயிற்சியையே நேரடியாகக் கையிலெடுத்தது. புதிதாக வேலைக்கு எடுக்கும் பட்டதாரிகளை மாதக்கணக்கில் மீண்டும் வகுப்பறையில் அமர்த்துவதற்கென இன்ஃபோசிஸ் மைசூரில் பெரும் வளாகமே கட்டியது. நான்காண்டுப் பட்டப்படிப்பை முடித்தவர்க்கு மறுபடியும் முதலிலிருந்து பாடம் நடத்த ஒரு தனியார் நிறுவனம் பணம் செலவிடுகிறது என்றால் அது பல்கலைக்கழகங்கள் வெட்கப்பட வேண்டிய செய்தி. நாமோ அதைப் பெருமையாகப் பேசினோம். நிறுவனங்களைக் குறை சொல்வதற்கில்லை. அவை தம் தேவைக்குச் செய்தன. தேவை மாறும்போது திட்டமும் மாறும் அல்லது நின்றுபோகும். ஆசிரியர் கல்வி அப்படி ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கைக்குள் அடங்கும் பொருளாக இருக்கலாமா என்பதே கேள்வி.

பள்ளிக் கணினிக் கல்வியிலும் கர்நாடகம் இதே பாதையில்தான் சென்றது. 2000களில் அரசுப் பள்ளிகளின் கணினி ஆய்வகங்களும் அவற்றில் கற்பிக்கும் பணியும் ஒப்பந்த அடிப்படையில் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் பயிற்றுநர் போய்விடுவார், ஆய்வகம் பூட்டப்படும். அதே காலத்தில் கேரளம் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தின்கீழ்த் தன் பள்ளி ஆசிரியர்களையே பயிற்றுவித்தது. பெங்களூரைச் சேர்ந்த ஐ.டி. ஃபார் சேஞ்ச் என்னும் அமைப்பு இவ்விரு வழிகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, ஆசிரியரை மையமாகக் கொண்ட கேரள வழியே நிலைக்கிறது என்று வாதிட்டது. கருவி வாங்குவதற்குமுன் ஆசிரியரை உருவாக்கு என்னும் அந்தப் பாடம் பெங்களூரிலேயே எழுதப்பட்டும் பெங்களூரில் போதிய அளவு படிக்கப்படவில்லை.

அரசு அமைப்புகள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 1960களில் சென்னை தரமணி உள்ளிட்ட நான்கு இடங்களில் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் அமைந்தன. இன்று அவை தேசிய நிறுவனங்கள். சென்னை நிறுவனத்துக்குப் பெங்களூரில் விரிவாக்க மையமும் உண்டு. தொழில்நுட்பக் கல்விக் குழு புதிய ஆசிரியர்களுக்கென எட்டுத் தொகுதிகள் கொண்ட இணையவழிப் பயிற்சியைக் கொண்டுவந்தது. மேலாண்மை ஆசிரியர்களுக்கு அகமதாபாத் மேலாண்மைக் கழகம் 1979 முதல் தனிப் பயிற்சி நடத்துகிறது. இவற்றின் பயனை மறுப்பதற்கில்லை. ஆனால் இவை பெரும்பாலும் பணியில் சேர்ந்தபின் வருபவை. முதல் மூன்று ஆண்டு மாணவர்கள்மேல் தவறுகளைச் செய்து பழகியபின் வரும் பயிற்சி அது. அறுவை மருத்துவர்க்கு இந்த முறையை எவரும் ஏற்கமாட்டார்.

பயிற்சி இல்லாத இடத்தில் படிவம் வந்து அமர்ந்திருக்கிறது. 2014இல் இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையின் நிரந்தர உறுப்பினரானதிலிருந்து பொறியியல் கல்லூரிகளில் கற்றல் விளைவுகள் என்பது மந்திரச் சொல். ஒவ்வொரு பாடத்துக்கும் விளைவுகள் எழுதப்பட வேண்டும். அவை பட்டப்படிப்பின் விளைவுகளோடு அட்டவணையில் இணைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு வினாவுக்கும் புளூமின் வகைப்பாட்டில் ஒரு நிலை குறிக்கப்பட வேண்டும். பெஞ்சமின் புளூமும் அவர் குழுவினரும் 1956இல் வெளியிட்ட வகைப்பாடு சிந்தனையின் படிநிலைகளைப் பற்றியது. நம் கல்லூரிகளில் அது வினைச்சொற் பட்டியலாகச் சுருங்கிவிட்டது. 'வரையறு' என்று தொடங்கிய வினாவை 'பகுத்தாய்க' என்று தொடங்கினால் அது மூன்று படி மேலேறிவிட்டதாகக் கணக்கு. விடையோ அதே பக்கத்தில் அதே மூன்று பத்திகள். வினைச்சொல்லை மாற்றினால் வினை மாறிவிடாது. சொல்லுக்கும் அதன் பொருளுக்கும் உள்ள உறவைப் பற்றிய முதல் வகுப்புப் பாடம் இது. தர மதிப்பீட்டின் பெயரால் அதை மறக்கச் சொல்கிறார்கள். கற்பிக்கக் கற்றிராத ஆசிரியரிடம் கற்பித்தலின் ஆவணத்தைக் கேட்டால் இதுதான் கிடைக்கும். அவர்மேல் குற்றமில்லை.

இந்த வாதத்துக்கு எழும் மறுப்புகள் நான்கு.

'நல்ல ஆய்வாளர் தானே நல்ல ஆசிரியராவார்.' ஆகலாம், ஆகாமலும் போகலாம். ஆய்வு என்பது தெரியாததைத் தேடுவது. கற்பித்தல் என்பது தனக்குத் தெரிந்ததை, அது தெரியாதிருந்த நிலைக்குத் திரும்பிச் சென்று, மறுபடி கட்டுவது. இரண்டும் வெவ்வேறு உழைப்புகள். ஒன்றில் பயின்றவருக்கு மற்றது இலவசமாக வந்துசேரும் என்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.

'தொழில் அனுபவமே போதும்.' மானியக் குழு 2022இல் நடைமுறைப் பேராசிரியர் என்னும் பதவியைக் கொண்டுவந்தது. 15 ஆண்டு அனுபவம் வேண்டும். பட்டத் தகுதி கட்டாயமில்லை. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காடுவரை நிரப்பலாம். தொழிலுலக அறிவு வகுப்பறைக்குள் வருவதை வரவேற்க வேண்டும். ஆனால் 15 ஆண்டு நிறுவன அனுபவம் அவருக்குத் தருவது தொழிலின் அறிவை. முதலாண்டு மாணவரின் குழப்பத்தைப் பற்றிய அறிவை அன்று. செருமனியில் இவ்விரண்டையும் பிரித்துக் குழப்பிக்கொள்ளவில்லை. 1898இல் லைப்சிக்கில் வணிகக் கல்லூரி தோன்றிய காலந்தொட்டு வணிக ஆசிரியரை உருவாக்குவது பல்கலைக்கழகத்தின் பணியாக வளர்ந்தது. வணிகப் பயிற்றியல் அங்கே தனித் துறை, தனிப் பட்டம். பேராசிரியர் இருக்கைகளும் உண்டு. நம்மிடமும் வணிகக் கல்வி புதிதன்று. பச்சையப்பன் அறக்கட்டளையினர் 1886இலேயே சென்னையில் வணிகப் பள்ளி தொடங்கினர். 1913இல் பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரி வந்தது. வணிகவியலுக்கு இத்தனை நீண்ட வரலாறு இருந்தும் வணிகவியலைக் கற்பிப்பதற்கு ஒரு துறை பிறக்கவில்லை.

'பி.எட். படித்தவர்களும் சரியாகக் கற்பிப்பதில்லையே.' மோசமான மருந்தைக் காட்டி மருத்துவமே வேண்டாம் என்னும் வாதம் இது. பி.எட். கல்லூரிகளின் சீரழிவை வர்மா ஆணையமே பதிவு செய்திருக்கிறது. அதற்குத் தீர்வு பயிற்சியைப் பாடத்தோடு இணைப்பதே, ஒழிப்பது அன்று. தேசியக் கல்விக் கொள்கை 2020 முன்வைத்த நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பில் பி.காம்., பி.எட். சேர்ந்த வழியும் உண்டு. காகிதத்தில் அது நல்ல திறப்பு. ஆனால் அதிலும் வணிகவியலை ஒருவரும் பயிற்றியலை இன்னொருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நடத்தினால், ஒரே சான்றிதழில் இரண்டு படிப்புகள் அச்சாகும், அவ்வளவே.

'எல்லாம் ஆங்கில வழிதானே, மொழிச்சிக்கல் எங்கே வருகிறது?' இதைச் சொல்பவர்கள் பெங்களூரின் பி.யூ. வகுப்பறையைப் பார்த்தவர்களாக இருக்க முடியாது. வீட்டில் தமிழ், தெலுங்கு, உருது, தெருவில் கன்னடம், பத்தாம் வகுப்புவரை கன்னட வழியிலோ தமிழ் வழியிலோ உருது வழியிலோ படிப்பு, பதினோராம் வகுப்பில் திடீரென ஆங்கிலக் கணக்குப்பதிவியல். வங்கியில் பணம் கட்டுவதற்கு அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த சொல் 'ஜமா'. கடை ஏட்டில் பாக்கி எழுதும் தந்தையின் கைக்கணக்கு அவளுக்குத் தெரியும். கடன், பாக்கி, வட்டி, முதல், ஜமா ஆகிய சொற்களோடு ஒரு முழுக் கணக்கியல் அறிவை அவள் வகுப்புக்குக் கொண்டுவருகிறாள். அதைத் தொட்டு, அதிலிருந்து பேரேட்டுக்குப் பாலம் கட்டத் தெரிந்த ஆசிரியர் கிடைத்தால் அவள் பிழைப்பாள். தெரியாதவர் கிடைத்தால், 'ஆங்கிலம் வராததால் தோற்றாள்' என்று அவள் கோப்பில் எழுதப்படும். ஆங்கிலம் நன்கு வரும் பிள்ளையும் அதே 'கிரெடிட்' என்னும் சொல்லில்தான் இடறுகிறது. அந்தப் பிள்ளைக்கு வீட்டில் விளக்க ஆள் இருக்கிறது, தனிப்பயிற்சிக்குக் கட்டப் பணம் இருக்கிறது. இவளுக்கு வகுப்பறை மட்டுமே இருக்கிறது. ஆசிரியர் பயிற்சி இல்லாமையின் விலையை எல்லாரும் சமமாகச் செலுத்துவதில்லை. அதனால்தான் இது பாடத்திட்டக் குழுவின் உள்விவகாரமாக மட்டும் இருக்க முடியாது.

இனி, செய்ய வேண்டியது என்ன என்பதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட முனைவர் பட்ட விதிமுறைகள், எத்துறை ஆய்வாளராயினும் தம் பாடத்தோடு தொடர்புடைய கற்பித்தல், பயிற்றியல், எழுத்து ஆகியவற்றில் பயிற்சி பெற வேண்டும் என்கின்றன. வாரம் 4 முதல் 6 மணிநேரம்வரை பயிற்சி வகுப்பு, ஆய்வகம், மதிப்பீடு ஆகியவற்றில் அவரை ஈடுபடுத்தலாம் என்றும் அனுமதிக்கின்றன. பாடநெறிக்குக் குறைந்தது 12 மதிப்பலகுகள். அவற்றில் ஆய்வு முறையியலும் ஆய்வு அறமும் உரிய இடம் பெற்றுவிட்டன. பயிற்றியலோ பல இடங்களில் ஒரு நாள் கருத்தரங்கச் சான்றிதழாகவோ, வழிகாட்டி வெளியூர் செல்லும் நாளில் அவர் வகுப்பை நிரப்பும் கூலியில்லா வேலையாகவோ உருமாறுகிறது. பின்னதைப் பயிற்சி என்று அழைப்பது ஆய்வாளரையும் ஏமாற்றுவது, மாணவரையும் ஏமாற்றுவது.

வணிகவியல், மேலாண்மை, கணினி, பொறியியல் துறைகளின் முனைவர் பட்டப் பாடநெறியில் நான்கு மதிப்பலகுகள் கொண்ட 'பாடம்சார் பயிற்றியல்' தாள் ஒன்று கட்டாயமாக வேண்டும். அதன் முதற்பகுதி பிழை ஆய்வு: முதலாண்டு மாணவர்களின் உண்மையான விடைத்தாள்களையும் நிரல்களையும் பெயர் நீக்கி எடுத்துக்கொண்டு, எந்தப் பிழை எந்தப் புரிதலிலிருந்து பிறக்கிறது என்று வகைப்படுத்த வேண்டும். இரண்டாம் பகுதி துறையின் மொழி: பாடத்தின் ஐம்பது அடிப்படைச் சொற்களை எடுத்து, அவை அன்றாட ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் என்ன பொருள் தருகின்றன, எங்கே துணை செய்கின்றன, எங்கே வழிமாற்றுகின்றன என்று ஆராய வேண்டும். மூன்றாம் பகுதி மேற்பார்வையுள்ள கற்பித்தல்: அந்த 4 மணிநேரம் ஊதியத்தோடும் வகுப்பில் வந்தமர்ந்து குறிப்பெழுதும் மூத்த ஆசிரியரோடும் நடக்க வேண்டும். தாளைத் துறைப் பேராசிரியரும் கல்வியியல் பேராசிரியரும் சேர்ந்தே நடத்த வேண்டும். கொள்குறி வினாத்தேர்வு இதற்குக் கூடாது. ஒரு பாட அலகை வடிவமைத்து, நடத்தி, எது தோற்றது என்று எழுதும் அறிக்கையே மதிப்பிடப்பட வேண்டும்.

பி.எட். பக்கத்திலும் ஒரு திருத்தம் உடனடியாகத் தேவை. சேர்க்கைத் தகுதியில் வணிகவியலும் கணினி அறிவியலும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட வேண்டும். பொறியியல் பட்டதாரி கணித ஆசிரியராக உருமாறாமல் தொழில்நுட்ப ஆசிரியராகவே பயிற்சி பெற வழி வேண்டும். தமிழ்நாட்டில் 2019இல் ஆசிரியர் தேர்வு வாரியம் 814 கணினிப் பயிற்றுநர் இடங்களுக்குத் தேர்வு நடத்தியபோது முதுகலையோடு பி.எட். பட்டத்தையும் கேட்டது. கேட்பது சரி. கேட்கும் அரசு, கணினியைக் கற்பிக்கும் முறையை அந்தப் பி.எட். உண்மையில் கற்பித்ததா என்றும் கேட்க வேண்டும்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று நிர்வாகங்கள் கேட்கும். இந்தத் தாளுக்குப் புதிய கட்டடம் வேண்டாம், புதிய ஆய்வகம் வேண்டாம். விடைத்தாள்கள் ஏற்கெனவே மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. பிழைகள் அவற்றில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆய்வாளர்க்குத் தரும் சிறு ஊதியமும் மூத்த ஆசிரியரின் இரண்டு மணிநேரமுமே செலவு. விளைவு அட்டவணைகளை நிரப்ப ஆண்டுதோறும் செலவாகும் ஆசிரியர் நேரத்தில் ஒரு பகுதியைத் திருப்பிவிட்டால் போதும்.

பெங்களூரின் ஒவ்வொரு பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவும் அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வியை நிகழ்ச்சிநிரலில் சேர்க்கட்டும்: 2022 விதிமுறை கேட்கும் பயிற்றியல் பயிற்சி நம் துறையில் எந்தத் தாளில், எத்தனை மணிநேரம், யாரால் நடத்தப்படுகிறது? விடை இருந்தால் பொதுவில் வெளியிடட்டும். இல்லையென்றால், விதியை மீறுகிறோம் என்பதையாவது குறிப்பேட்டில் பதிவு செய்யட்டும். கணக்கு கற்பிக்கும் துறைகளுக்குத் தம் பொறுப்பை எந்தப் பக்கத்தில் எழுத வேண்டும் என்று சொல்லித் தரவேண்டியதில்லை.